மாதாவுக்குப் போட்ட நாற்காலி

1

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. இது ஜெர்மனிக் கணக்கு. எங்கள் ஊரான போடியில் அப்போது மாலை ஆறு பத்து. அந்த நேரத்தில் நான் தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரத்தை அளந்துகொண்டிருந்தேன். கைபேசியை உடைமாற்றும் அறையில் பூட்டிவைப்பது எங்கள் விதி. ஆகவே கெட்டது எனக்குத் தெரியவந்தது நாலரைக்குத்தான்.

பெட்டியைத் திறந்தபோது மகளிடமிருந்து ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன. ரூத்துக்குப் பத்தொன்பது வயது. பள்ளி முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் தொடங்கும் முன் மூன்று மாதம் என் அக்காவோடு போடியில் இருந்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று போயிருந்தாள். பயந்தால் அவளுக்கு ஜெர்மன்தான் வரும். அன்றும் ஜெர்மனில்தான் தொடங்கினாள். யாரோ ஒரு சிலையைக் கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன், இப்போது அத்தை என்னோடு பேசமாட்டேன் என்கிறார் என்றாள். பிறகு தமிழுக்கு மாறினாள்.

"நான் மரியாதையாத்தான் சொன்னேன்ப்பா. நன்றின்னுகூடச் சொன்னேன்."

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. இதை எழுதும்போதும் எனக்கு அந்த உடைமாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

2

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். எங்கள் பங்குக் கோவிலில் இரண்டடி உயரத்தில் ஒரு மாதா சுரூபம், அதாவது சிலை, உண்டு. நீலப் போர்வை, இடது கையில் சுண்டுவிரல் உடைந்திருக்கும். அந்த மாதம் முழுக்க அவர் கோவிலில் இருக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்குவார். எந்த நாள் யார் வீடு என்று முன்கூட்டியே பூசையில் வாசித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் தங்கியவரை அந்த வீட்டுக்காரர்களே மறுநாள் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் விடவேண்டும். விட்டுவந்த வீட்டுக்கு அந்த ஆண்டு மாதா திரும்பக் கூடாது. அவருக்கு முன்னால் போகும் வழி மட்டும்தான்.

வாசலில் வந்ததும் தூக்கிவருபவர் கேட்பார்: "மாதா வந்திருக்காங்க. உள்ள வரலாமா?" உள்ளிருப்பவர்கள் "வாங்க" என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் வேறு பதிலை யாரும் சொன்னதில்லை. என் மகள்தான் முதல் ஆள்.

என் அக்கா செலின் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, மலைமேல் போடிமெட்டு தாண்டிப் போனால் பொழுது சாயும்போதுதான் இறங்குவாள். அத்தான் இறந்த வீடு என்பதால் இரண்டு அக்டோபர் மாதா அங்கே வரவில்லை. துக்க வீட்டைப் பட்டியலில் தள்ளிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த ஆண்டுதான் மறுபடி பெயர் வாசித்தார்கள். அக்கா முன்னறைக்கு வெள்ளையடித்தாள். பருவம் தொடங்கியதிலிருந்து எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயாகப் பார்த்துச் சேர்த்துவைத்து, தானே ஒரு ஏலக்காய் மாலை கட்டினாள். பச்சை மாறாமல் இருக்க அதை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடிவைத்திருந்தாள். கோவிலில் பெயர் வாசித்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் போட்டு, "தம்பி, இந்த வருசம் நம்ம வீட்டுக்கும் ஆள் வருது" என்றாள். அத்தான் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டிருக்கவில்லை.

செவ்வாயன்று மழை. கொண்டை ஊசி வளைவொன்றில் மண் சரிந்து ஜீப்புகள் வரிசையாக நின்றுவிட்டன. அக்கா அங்கே ஜீப்பில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் ரூத் மட்டும் இருந்தாள். மாதா வருவது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது, கோவிலிலிருந்து சிலர் ஒரு சிலையோடு வருவார்கள் என்பது மட்டுமே. அதை வரவேற்கும் ஆள் தான்தான் என்று அவள் நினைக்கவில்லை.

3

அவள் நினைக்காததற்கு நான்தான் காரணம். அதைச் சொல்ல இருபத்திரண்டு ஆண்டு பின்னால் போகவேண்டும்.

என் மனைவி கிரேஸ் திருநெல்வேலிப் பக்கம். சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. குடும்பம். அவள் அப்பா வீட்டில் சுவரில் வேத வசனம் தொங்கும், படம் தொங்காது. எங்களுக்குக் காதல் கல்யாணம். இரண்டு பக்கமும் மூக்கைச் சிந்தியபடிதான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜெர்மனியில் இந்த ஊருக்கு வந்து முகவரி பதியப் போனோம். இங்கே வீடு மாறினாலே பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லவேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம். கிறிஸ்தவர் என்று எழுதினேன். அங்கே வேலையிலிருந்த அம்மாள் தலையசைத்துவிட்டு, கத்தோலிக்கமா சீர்திருத்தமா என்றார். அரசாங்கமே சபைக்கு வரி பிடித்துக் கொடுக்கும் நாடு இது. தெளிவாகச் சொல்லியாகவேண்டும். நான் ஒன்று, இவள் மற்றது என்றேன். உங்களுக்குள் என்ன வித்தியாசம் என்று அவர் சும்மா, நட்பாகத்தான் கேட்டார். அப்போது எனக்கு ஆறு மாத ஜெர்மன். மாதாவை விளக்க முயன்று, "எனக்கு அம்மா இருக்கிறார், என் மனைவிக்கு அம்மா இல்லை" என்று முடித்தேன். அவர் எழுந்து கிரேஸின் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். கிரேஸின் அம்மா அப்போது ஊரில் நலமாக ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ரூத் பிறந்ததும் அதே அலுவலகம், அதே கட்டம். நான் கிரேஸைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். காலியாக விட்டுவிடுங்கள் என்றேன். பெயரிலும் அப்படித்தான். நான் மரியா என்றேன், அவள் எஸ்தர் என்றாள், ரூத்தில் வந்து நின்றோம்.

வீட்டில் எங்களுக்கு ஒரு உடன்படிக்கை இருந்தது. எழுதிவைக்காததுதான், ஆனால் மீறாதது. சிலை, படம், ஜெபமாலை எதுவும் கூடத்தில் வராது. சாப்பாட்டு ஜெபம் அவள் சொல்வாள். தொடக்க காலத்தில் நிறையச் சண்டை போட்டோம். ஆண்டவரிடம் பேச நடுவில் ஒரு ஆள் எதற்கு என்பாள். உன் சபையில் எனக்காக ஜெபிக்கச் சொல்லி எழுதிக்கொடுக்கிறாயே, அவர்களெல்லாம் நடுவில் நிற்கும் ஆள் இல்லையா என்பேன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பாள். மாதா மட்டும் செத்தா போனார் என்பேன். நாங்கள் ஆராதிப்பது இல்லை, வணங்குவதுதான் என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததைச் சொல்வேன். முட்டி போடுகிற வித்தியாசத்தைக் காட்டு பார்ப்போம் என்பாள். பிறகு இருவருக்கும் வேலை, பிள்ளை, குளிர். சண்டை தானாக ஓய்ந்தது. நான் போடியிலிருந்து கொண்டுவந்த நான்கு விரல் உயர மாதாவை நிலவறையில் குளிர்கால டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். டயர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு வருவேன்.

சமாதானம் வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால் என் மகள் மாதாவைப் பற்றி அம்மாவின் பக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்தாள். அம்மாவின் சபைக்குப் போனாள், அங்கே கித்தார் வாசிக்கிறாள். என் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சொல்கூடப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே அடுக்ககத்து வாசலில் மாதம் இரண்டு முறையாவது யாராவது மதப் புத்தகத்தோடு வந்து மணியடிப்பார்கள். பெரியவர்கள் இல்லாதபோது என்ன செய்யவேண்டும் என்று ரூத்துக்கு ஏழு வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்தே கற்றுக்கொடுத்தோம். சிரித்துக்கொண்டே "வேண்டாம், நன்றி" என்று சொல். மெதுவாகக் கதவைச் சாத்து.

போடியில் அவள் அதைத்தான் செய்தாள். சிரித்துக்கொண்டே. மெதுவாக.

4

மழையில் எட்டுப் பேர் குடையோடு நின்றார்களாம், நடுவில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய மாதா. முந்தைய வீட்டுக்குத் திரும்ப முடியாது. அடுத்த முறை மலைமேல் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்து வீட்டுக்கு, அங்கே போகும் பாதையில் மண் கிடக்கிறது. கோவிலுக்கே கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொல்ல, மாதாவை யாரும் சேர்க்கவில்லை என்று ஆகிவிடும் என்று இன்னொருவர் தடுத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அது சாமுவேல் அண்ணன் வீடு. அக்கா போகிற ஜீப்பை ஓட்டுகிறவர் அவர்தான். சுத்த சி.எஸ்.ஐ. அவருக்கும் அக்காவுக்கும் மாதா விஷயத்தில் பதினைந்து வருட வாய்த்தகராறு. ஒருமுறை அக்கா அவர் ஜீப் கண்ணாடியில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருக்கிறாள். "ஏந்தங்கச்சி, வளைவுல எதுக்க வர்ற லாரி தெரியலன்னா ஒங்க மாதாவா வந்து பிரேக்கு போடும்?" என்று கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். என் ஜீப்பில் மாதாவுக்கு சீட்டு கிடையாது என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அவரும் அன்று அக்காவோடு மலைப்பாதையில்தான் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி வசந்தா மதினி.

யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவரே, "என்னத்துக்கு மழையில நிக்கிறீக, உள்ள கொண்டாங்க" என்றிருக்கிறார்.

ஏழரை மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது. அவள் ரூத்தைத் திட்டவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. தூக்கைத் திறந்து மாலையைப் பார்த்தாளாம், மூடினாளாம், அடுப்பைப் பற்றவைத்தாளாம். தோசை ஊற்றி ரூத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. நான் அதைச் செய்தேன், அக்காவுக்குப் பதிலாக. நாலரைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, போனில், தொழிற்சாலை நண்பர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில், "உன்ன அங்க அனுப்புனதே தப்பு" என்றேன். அவள் சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னபோது அவள் முதலில் மகள் பக்கம்தான் நின்றாள். பிள்ளை தன் மனசாட்சிப்படி செய்ததில் என்ன தப்பு என்றாள். பேச்சு ஏறியது. பன்னிரண்டு ஆண்டாகப் போடாத சண்டையை அன்று சாயங்காலம் போட்டோம். டயருக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லிவிட்டேன். கிரேஸ், "அது எனக்குத் தெரியும். மேல ஒரு துணியாவது போட்டுருக்கலாம். அங்க குளிருமுல்லா" என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

புதன்கிழமை காலை ஆறரைக்கு அக்காவின் அழைப்பு. போடியில் மணி பத்து.

"தம்பி, பிள்ளையக் காணோம்."

அன்று அக்கா வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். விடிந்து பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, தோள்பை இல்லை, போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கடைத்தெரு, கோவில், பஸ் நிலையம் மூன்றிலும் அக்கா பார்த்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டில் கேட்டாயா என்றேன்.

"அது பூட்டிக் கெடக்கு. பாதை சரியாயிருச்சுல்ல, மாதாவக் கொண்டுபோயி மலையில விட்டுட்டு வரப் போயிருப்பாக. அவுககூட இவ எதுக்குப் போறா? இவதான் மாதாவ வாசல்லயே சேக்கலயே."

அதுதான் எனக்கும் தோன்றியது. தோள்பையில் அவள் கடவுச்சீட்டு இருக்கும். மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு வேறு என்னவெல்லாமோ நினைத்தேன். அவற்றை எழுதமாட்டேன். பத்தொன்பது வயதுப் பெண், எழுத்துக் கூட்டிப் படிக்கிற தமிழ், அனுப்பியதே தப்பு என்று சொன்ன அப்பன்.

வேலைக்குப் போகவில்லை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்து மகள் தொலைந்துவிட்டாள் என்றேன். எங்கே என்றார். போடிநாயக்கனூர் என்றேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் மீதி எழுத்துகளைக் கேட்கவில்லை.

கிரேஸ் அக்காவிடம் பேசினாள். எப்போதும் நலம் விசாரிப்போடு முடித்துக்கொள்கிறவள் அன்று நெடுநேரம் பேசினாள். அவள் முதியோர் இல்லத்தில் செவிலி. பதினோரு ஆண்டாக அங்கே வேலை. அன்று அக்காவிடம் அவள் சொன்ன ஒன்றை அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

"மைனி, எங்க இல்லத்துல ஒரு கத்தோலிக்கப் பாட்டி இருக்காவ. தன் பேரே ஞாபகமில்ல. ஆனா ஜெபமாலைய விரல்ல சுத்திவிடலன்னா படுக்க மாட்டாவ. தெனமும் சாயந்தரம் நான்தான் சுத்திவிடுதேன். முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப லீவு நாள்ல அவுகளுக்கு யாரு சுத்திவிடுவான்னு நெனப்பு வருது. இத நான் ரூத்துகிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. பிள்ள மேல கோவப்படாதீங்க, என் மேல படுங்க."

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. கிரேஸ் போனைக் காதோடு வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள். நான் அவளுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தேன். சர்க்கரை போட மறந்ததை அவள் கவனிக்கவில்லை.

6

பிற்பகல் ஒரு மணிக்குச் சாமுவேல் அண்ணனின் அழைப்பு வந்தது. போடிமெட்டில் இறங்கும்போதுதான் அவருக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"தம்பி, ஒம் மக எங்கிட்டத்தான் இருக்கா. அக்காகிட்டச் சொல்லிட்டாளாக்கும்னு நாங்க நெனச்சோம், நாங்க சொல்லியிருப்போம்னு அவ நெனச்சிருக்கா. பதறாதே."

அவர் சொல்லச் சொல்ல, கிரேஸும் கேட்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டேன்.

முந்தின நாள் என்னிடம் பேசிவிட்டு ரூத் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே முன்னறையில், வசன நாட்காட்டிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாதா உட்கார்த்தப்பட்டிருந்தார். மெழுகுவத்தி இல்லை, பூ இல்லை. ஃபேன் மட்டும் ஓடியது. நீங்கள் சி.எஸ்.ஐ. ஆயிற்றே, எப்படி உள்ளே விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வசந்தா மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே, "நான் கும்பிடல ஆத்தா. எனக்குக் கும்பிடுறதுக்கு ஒருத்தர்தான். அதுக்காக வந்தவுகள வாசல்ல நிக்க வைக்கலாமா? இவுக தன் சொந்தக்காரி எலிசபெத்து வீட்டுல மூணு மாசம் தங்கியிருந்தாகன்னு நம்ம பைபிள்லயே இருக்கு. என் வீட்டுல ஒரு ராத்திரி இருந்துட்டுப் போகட்டும். கொசுவுக்கு ஃபேன் போட்டுருக்கேன்" என்றிருக்கிறார்.

ரூத் அதன் பிறகு அந்த நாற்காலிக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். எழுந்திருக்கும்போது, நாளைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாளாம்.

காலையில் ஜீப் மலையேறியபோது பின்னால் காய் எடுக்கப் போகிற பெண்கள், முன்னால் வசந்தா மதினியும் ரூத்தும். மாதா ரூத்தின் மடியில். "எஞ்ஜீப்புல சீட்டு கெடையாதுன்னு இம்புட்டு நாளு சொன்னேன்" என்றார் சாமுவேல் அண்ணன். "இப்ப முன்சீட்டே போச்சு. வளைவுக்கு வளைவு ஒம் மக ரெண்டு கையிலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, தம்பி. இன்னொரு விரலு ஒடஞ்சா அத்தை என்னயக் கொன்னே போடுவாங்கறா."

லயத்து வீட்டில் அந்த வீட்டுக்காரம்மா பாயசம் வைத்துக் காத்திருந்திருக்கிறார். ரூத் அவரிடம், இவரை இன்று ஒரு நாள் திரும்பக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நேற்று நான் செய்தது இது என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். கூடியிருந்தவர்கள் மாதா திரும்பிப் போகும் வழக்கமில்லை என்றார்கள். அந்த அம்மா மட்டும் யோசித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாராம்:

"செலினு வீட்டுக்கு மாதா போகவே இல்லல்லோ. போகாத வீட்டுக்குப் போறது எப்படித் திரும்பிப் போறதாகும்? கொண்டுபோயிட்டு நாளைக்கு வா மோளே. பாயசம் மட்டும் குடிச்சிட்டுப் போ."

பத்து ஆண்டு ஞானோபதேசம் படித்த எனக்கு இது தோன்றியிருக்காது.

7

இரண்டேகாலுக்கு அக்காவைக் காணொளியில் அழைத்தேன். போடியில் ஆறு மணி ஆகப்போகிறது. மகள் பத்திரம் என்று அவளிடம் அப்போதே சொல்லியிருந்தேன். உடன் யார் வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாதே என்று கிரேஸ் என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அக்கா போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்திருந்தாள். வெள்ளையடித்த சுவரும் கதவின் பாதியும் எங்களுக்குத் தெரிந்தன. அவள் கீழே உட்கார்ந்து தூக்கைத் திறந்து மாலையை எடுத்து, காய்ந்துபோன காய் ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கோவிலுக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் தம்பி என்றாள். கிரேஸ் என் கையைப் பிடித்திருந்தாள்.

வெளியே ஜீப் நிற்கும் சத்தம். கதவு தட்டப்பட்டது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா எழுந்து திறந்தாள்.

முதலில் நீலப் போர்வை தெரிந்தது. அதற்கு மேலே என் மகளின் முகம், தலை கலைந்து, மலைக்குளிரில் மூக்கு சிவந்து. நேற்று சாத்திய அதே கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் சாமுவேல் அண்ணனும் வசந்தா மதினியும் தெருவோடு நின்றுகொண்டார்கள்.

ஜீப்பில் வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருப்பாள் போல. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"அத்தை, மாதா வந்திருக்காங்க."

அதற்கு மேல் உள்ளதைச் சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு அவளுடைய சொந்தத் தமிழில் சொன்னாள்:

"நான் கும்பிட மாட்டேன், அத்தை. ஆனா நான்தான் தூக்கிட்டு வந்தேன். நாங்க ரெண்டு பேரும் உள்ள வரலாமா?"